நிதிக்குழுவில் பெயர் போட்டாயிற்றா? முதல் கூட்டத்துக்கு முன் இதைப் பாருங்கள்

போன கிழமை திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். முதல் தடவையாகப் பிரதேச சபைக்கு வந்திருக்கிற உறுப்பினர். "அண்ணே, என்னை நிதிக்குழுவில போட்டிருக்கிறாங்கள். நான் சாதாரண தரத்தில கணக்குப் பாடத்தையே தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணின ஆள். அங்க போய் என்ன செய்யிறது?" என்றான். நானும் ஒரு காலத்தில் இதே மாவட்டத்தில் ஒரு சபையில், எந்தச் சபை என்று வேண்டாம், அதே குழுவில் இருந்தவன். ஒரு பிளேன்ரீ குடித்து முடிவதற்குள் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

அவனுக்குச் சொன்ன முதல் விஷயம், இந்தக் குழுவுக்குக் கணக்குப் பாடம் தேவையில்லை. கூட்டிக் கழிக்க அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தத் தாளை மேசைக்கு வரவழைப்பது, எதைப் பற்றி வாயைத் திறப்பது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்தால் போதும். இதைக் குழு தானாக உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால், மேசையில் எந்தத் தாள் வைக்கப்படுகிறதோ அதுதான் குழுவின் வேலையாகிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான், கீழே சொல்கிறேன்.

சரி, முதலில் சட்டம். பிரதேச சபை என்றால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன் 12ஆம் பிரிவில் குழுக்கள் வருகின்றன: நிதியும் கொள்கை வகுத்தலும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும். முதலாவதின் பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நிதி என்று மட்டும் இல்லை, கொள்கையும் சேர்ந்தே வருகிறது. பணத்தை எதற்கு வைப்பது என்பதுதான் கொள்கை, வேறு எங்கேயும் அது இல்லை என்று அந்தப் பெயரே சொல்கிறது. ஆனால் பெரும்பாலான குழுக்கள் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குழு சிபாரிசு செய்யும், சபை தீர்மானம் எடுக்கும், தவிசாளரும் செயலாளரும் அதை நடத்துவார்கள். இந்த மூன்றையும் குழப்பினால் சண்டைதான். குழு உறுப்பினர் ஒருவர் நேரே களஞ்சியத்துக்குப் போய் சீமெந்து மூட்டை எண்ணத் தொடங்கினால் அது மேற்பார்வை இல்லை, தலையிடுதல். கேள்விப்பத்திரங்களை, அதாவது டெண்டர்களை, பார்க்கப் பெறுகைக் குழு தனியாக இருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த கொந்தராத்துக்காரர் இருந்தால் இன்னும் தூரமாக நில்லுங்கள்.

பாராளுமன்றத்தில் இதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் நம் வேலை விளங்கும். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை மூன்று குழுக்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 1921 முதல் இருக்கிற அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா, திணைக்களங்களும் அமைச்சுகளும் செலவழித்து முடித்ததைப் பார்க்கும். அரசாங்க முயற்சிகள் பற்றிய குழு, அதாவது கோப், 1979இல் வந்தது, கூட்டுத்தாபனங்கள், சபைகள் போன்ற அரசின் முயற்சிகளைப் பார்க்கும். அரசாங்க நிதி பற்றிய குழு வரவு, கடன், ஒதுக்கீடு என்று முன்னால் வரப்போகிறதைப் பார்க்கும். இந்த மூன்றாவது குழுவுக்குச் சுமந்திரன் தலைமை வகித்த காலத்திலும் சரி, ஹர்ஷ டி சில்வா வந்த பிறகும் சரி, தலைவர் ஆளுங்கட்சிக்காரர் இல்லை. அதில் ஒரு காரணம் இருக்கிறது. செலவழிப்பவரே தன் செலவைக் கேள்வி கேட்பது சரிவராது. உங்கள் சபையில் தவிசாளரே நிதிக்குழுவுக்கும் தலைவராக இருந்தால், கேள்விகளையாவது எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் எழுதிக்கொண்டுவர இடம் கொடுங்கள்.

அங்கே மூன்று குழுக்கள், பெரிய அலுவலர் படை, 2023ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரு பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகம் வேறு. இங்கே மூன்று வேலைக்கும் நாலைந்து பேர், மாதத்தில் ஒரு பின்னேரம். ஆகவே எல்லாவற்றையும் பார்ப்போம் என்று தொடங்குகிற குழு ஒன்றையும் பார்க்காமல் முடிக்கும்.

எங்கள் முதல் வருடத்தைச் சொல்கிறேன். கூட்ட மேசையில் வெள்ளை நாடா கட்டிய ஒரு கோப்பு இருக்கும், உள்ளே அந்த மாதத்து வவுச்சர்கள். நாடாவை அவிழ்த்து ஒவ்வொன்றாக வாசிப்போம். குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்துக்கு டீசல், அதே இயந்திரத்துக்கு இரண்டு டயர், அலுவலகத்துக்குத் தும்புத்தடி, முந்தைய கூட்டத்துக்குப் பிளேன்ரீயும் பணிசும். பணிஸ் ஏன் இத்தனை வாங்கினார்கள் என்று ஒரு நாள் இருபது நிமிடத்துக்கு மேல் சண்டை பிடித்தோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நானும் குரல் உயர்த்தினேன். அந்த வவுச்சர் கட்டுக்கு அடியில் ஒரு நீளத் தாள் இரண்டாக மடித்துக் கிடந்தது. சந்தைக் கடைகளின் வாடகை நிலுவை. சில கடைகள் வருடக் கணக்கில் கட்டவில்லை. நேரம் போய்விட்டது என்று அதை "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்று எழுதி மூடினோம். அடுத்த கூட்டத்திலும் அதே வசனம். பணிஸ் காசு சில ஆயிரம், மடித்துக் கிடந்த தாளில் இருந்தது இரண்டு வீதி போடுகிற காசு.

கட்டிய பணத்தின் வவுச்சரைச் சரிபார்க்கக் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் இருக்கிறது, அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி அது அவர்கள் கடமை. நீங்கள் அதை இன்னொரு தடவை, அவர்களைவிட மோசமாகச் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் விளக்கம் கேட்டு அனுப்புகிற கணக்காய்வு ஐயவினாக்களுக்குச் சபை பதில் அனுப்பியதா, பதிலில் சொன்னதைச் செய்ததா என்று மட்டும் கேளுங்கள். ஒரே ஐயவினா மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேதான் ஓட்டை.

என் அபிப்பிராயம் இதுதான், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: நிதிக்குழு செலவுப் பக்கத்தில் தொடங்கக் கூடாது. வரவுப் பக்கத்தில் தொடங்க வேண்டும். பாதீட்டில், அதாவது வரவு செலவுத் திட்டத்தில், பொய் சொல்ல நினைப்பவர் செலவில் சொல்லமாட்டார், வரவில்தான் சொல்வார். வரும் வருடம் இவ்வளவு வரும் என்று ஒரு பெரிய தொகையைப் போட்டுவிட்டால், அதற்குச் சமமாக எல்லா உறுப்பினருக்கும் வீதி, விளக்கு, மைதானம் எல்லாம் கொடுத்துவிடலாம். எல்லோரும் சந்தோசமாகக் கை உயர்த்துவார்கள். ஆவணி மாதம் பார்த்தால் பணம் இல்லை.

அதனால் வரவை இரண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று, சபை தானே அறவிடுவது: ஆதனவரி, வியாபார அனுமதிக் கட்டணம், கடை வாடகை, குத்தகைகள், கட்டட அனுமதிக் கட்டணம். மற்றது, வெளியே இருந்து வருவது: முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், சம்பளத்துக்கான மீளளிப்பு, மாகாணம் வழியாக வருகிற கொடைகள். இரண்டாவது வகை நமக்கு உரித்தானதுதான், ஆனால் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அதை நம்பி வைகாசியில் கொங்கிறீற் வீதிக்கு அடிக்கல் நாட்டினால், கொந்தராத்துக்காரர் கார்த்திகையில் தவிசாளர் வீட்டு வாசலில் நிற்பார். கிழக்கு மாகாண சபை 2017க்குப் பிறகு கூடவேயில்லை, கேள்வி கேட்க மாகாண உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, எல்லாம் ஆளுநரும் அதிகாரிகளும்தான். ஒரு வசதி, மாகாண அலுவலகங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அம்பாறைப் பக்கத்துச் சபைக்காரர் விடிய எழும்பி பஸ் ஏற வேண்டும், நாம் ஓட்டோவில் போய்க் கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வருடத்துக்கு நாலு தடவையாவது போங்கள். போகும்போது நிதி ஆணைக்குழுவையும் நம் நிதிக்குழுவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது மாகாணங்களுக்கு எவ்வளவு என்று சிபாரிசு செய்கிற வேறொரு அமைப்பு.

முதல் வகைதான் உங்கள் களம். ஆதனவரியை எடுங்கள். முழு வருடத்துக்கும் உரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? மார்கழியில் ஒரு ஒலிபெருக்கி ஓட்டோ விட்டால் போதும், பள்ளிவாசலிலும் கோயிலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் ஒரு அறிவித்தல் போட்டால் இன்னும் நல்லது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துச் சபையென்றால் சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்த ஹோட்டல்களிடம் முந்தைய வருட வருமானத்தில் 1 வீதம் வரை அனுமதிக் கட்டணமாக எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேளுங்கள், எத்தனை ஹோட்டல் பட்டியலில், எத்தனை கடற்கரையில் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய் எண்ணுங்கள். ஒரு குழுவின் வேலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்தது, முன்னுரிமை. எங்கள் சபையில் முன்னுரிமை என்பதன் அர்த்தம் வட்டாரத்துக்குச் சமபங்கு என்பதுதான். இருந்த பணத்தை வட்டார எண்ணிக்கையால் பிரித்தோம். விளைவு, ஒவ்வொரு வட்டாரத்திலும் நாற்பது, ஐம்பது மீற்றருக்கு ஒரு கொங்கிறீற் துண்டு. இரண்டு பக்கமும் சேறு, நடுவில் ஒரு வீதி. மாரியில் அந்தத் துண்டு சின்ன அணைக்கட்டு மாதிரி தண்ணீரை மறித்து இரண்டு வீட்டுக்குள் விட்டது. இப்போதைய தேர்தல் முறையில் இந்தப் பங்கீடு இன்னும் அபத்தம். 60 வீதம் வட்டாரத்தில் வெல்பவர்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலில் வருபவர்கள். பெண் உறுப்பினர்களில் பலர் பட்டியலில் வந்தவர்கள். அவர்களுக்கு எந்த வட்டாரம், எந்தப் பங்கு?

செய்ய வேண்டியது இது. ஊர்ப் பெயர்கள் மேசைக்கு வரும் முன்பே அளவுகோலை எழுதிவிடுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம், திருகோணமலையில் மிக முக்கியம். நம் மாவட்டத்தில் ஒரு சபை மேசையைச் சுற்றித் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருப்பார்கள். பட்டியலில் ஊர்ப் பெயரைப் பார்த்த அடுத்த நிமிடமே அது யாருடைய ஊர் என்ற கணக்கு ஓடத் தொடங்கிவிடும், பிறகு எந்த அளவுகோலைச் சொன்னாலும் அது அந்த ஊருக்காகச் சொன்னதாகவே தெரியும். முதலில் அளவுகோல், பிறகு ஊர். தாள்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். மொழிபெயர்க்க நேரமில்லை என்பார்கள், கேட்டு வாங்குங்கள். பக்கத்து உறுப்பினர் தாளைப் புரிந்துகொள்ளாமல் கை உயர்த்தினால் அது உங்களுக்கும் நல்லதில்லை.

நான் வைத்துக்கொண்ட கேள்விகள் மூன்று. இந்த வருடம் செய்யாவிட்டால் அடுத்த வருடம் செலவு கூடுமா? இதைச் செய்ய நம்மைவிட வேறு யாரும் இல்லையா? கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வது?

இரண்டாவது கேள்வியில் பாதிப் பட்டியல் கழிந்துவிடும். பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது, சில வீதிகள் மாகாணத் திணைக்களத்துடையவை, குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. அங்கெல்லாம் கடிதம் எழுதுவது நம் வேலை, காசு போடுவது இல்லை. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. கடற்கரையோரம் சிறுவர் பூங்கா கட்டினார்கள், திறப்பு விழாவுக்குப் பந்தலும் போட்டார்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும், ஊஞ்சல் சங்கிலி இரண்டு மாரி தாங்கவில்லை. வண்ணம் பூச ஒதுக்கீடு இல்லை, காவலாளி இல்லை. கடைசியில் அங்கே மாடு கட்டினார்கள்.

முதல் கேள்விக்கு நல்ல உதாரணம் கான். வடிகான் துப்புரவை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் எப்போது? நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை. பாதீட்டை மார்கழி 31க்கு முன் நிறைவேற்ற வேண்டும், அதாவது மழையில் நனைந்துகொண்டே அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசுகிறோம். அப்போது எல்லோர் மனதிலும் வெள்ளம்தான், கானுக்குப் பணம் ஒதுக்குவோம். தை கழிந்ததும் வெயில் எறிக்கும், மறந்துவிடுவோம். மதிப்பீடு, கேள்வி கோரல், அது இது என்று இழுத்து, மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் கானுக்குள் இறங்குகிறபோது மறுபடி ஐப்பசி. சேற்றை அள்ளிக் கரையில் போடுவார்கள், அன்றிரவு மழை அதைத் திரும்பக் கானுக்குள் கொண்டுபோகும், பில் மட்டும் வரும். ஆகவே குழுவின் தாளில் "வடிகான் துப்புரவு" என்று எழுதாதீர்கள். "ஆவணி முடிவதற்குள் வடிகான் துப்புரவு, அதற்கான மதிப்பீடு பங்குனிக் கூட்டத்துக்கு வர வேண்டும்" என்று எழுதுங்கள். திகதி இல்லாத முன்னுரிமை வெறும் ஆசை.

இதையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் எழுதி முதல் கூட்டத்திலேயே சபைக்கு அனுப்பி ஏற்கச் செய்யுங்கள். இரண்டாம் பக்கம் போனால் யாரும் வாசிக்கமாட்டார்கள். நான் இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இந்தக் குழு ஒவ்வொரு மாதமும் நாலு தாள்களைப் பார்க்கும்: வரவு செலவு அறிக்கை, நிலுவைப் பட்டியல், ஒப்பந்தமாகி இன்னும் பணம் கொடுக்காத வேலைகள், பதில் அனுப்பாத கணக்காய்வு ஐயவினாக்கள். கூட்டத்துக்கு ஐந்து நாளுக்கு முன் அவை உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். இந்த வருடம் குழு மூன்று விஷயங்களைப் பின்தொடரும்: கடை வாடகை நிலுவை, ஆவணிக்குள் வடிகான், குப்பை இயந்திரங்களின் பழுதுச் செலவு. கையிருப்பில் இல்லாத பணத்துக்கு, வரும் என்ற நம்பிக்கையில் மட்டும், குழு சிபாரிசு செய்யாது. தனித்தனி வவுச்சர்களைக் குழு வாசிக்காது. நியமனம், இடமாற்றம் பற்றிக் குழு பேசாது."

கடைசி மூன்று வரிகளுக்குத்தான் எதிர்ப்பு வரும். செய்யமாட்டோம் என்பதை எழுதுவதா என்று கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இல் இலங்கைக்கு வந்தபோது அப்போதைய சட்டநிரூபண சபையின் நிதிக்குழுவில் கண்டதும் எல்லை இல்லாத குழுவைத்தான். உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள், அதாவது அரசாங்க அதிகாரி அல்லாதவர்கள், அதிகாரிகளைக் கூப்பிட்டு வறுத்தெடுப்பார்கள், பணத்தை மறுப்பார்கள், ஆனால் பிறகு நடப்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அதிகாரம் ஒரு பக்கம், பொறுப்பு இன்னொரு பக்கம். அந்த முறையை 1931இல் தூக்கிவிட்டு ஏழு நிர்வாகக் குழுக்களைக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்தும் நம் சபைகளில் சிலர் அந்தப் பழைய குழுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஆட்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற அக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார், பத்து, இருபது வருடமாக இருப்பார். 2023 மார்ச் முதல் 2025 தேர்தல் முடியும் வரை உறுப்பினர்களே இல்லாமல் அவர்கள்தான் சபையைக் கொண்டு நடத்தினார்கள், அதனால் நாம் கேள்வி கேட்டால் முதலில் கொஞ்சம் முகம் சுருங்கும். அவரிடம் "ஏன் இப்படி?" என்று கேட்காதீர்கள், "இதை எப்படி வாசிக்கிறது, அக்கா?" என்று கேளுங்கள். நிலுவைத் தாள் ஏன் எப்போதும் கட்டின் அடியில் இருந்தது என்று இரண்டாம் வருடம் ஒருவர் எனக்குச் சொன்னார்: மேலே வைத்தால் சில உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லையாம், அதில் அவர்களுடைய சொந்தக்காரர் பெயர்களும் இருந்தன. உங்களுக்கும் அப்படி ஒரு பெயர் வந்தால், அந்த விடயம் பேசும்போது எழுந்து வெளியே போய், போனதைக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.

12ஆம் பிரிவு உறுப்பினர் அல்லாத, அந்தப் பிரதேசத்தில் வசிப்பவர்களையும் குழுவில் சேர்க்க இடம் கொடுக்கிறது. இளைப்பாறிய வங்கிக்காரர், பாடசாலை அதிபர், மீனவர் சங்கத்துச் செயலாளர் என்று ஒருவரைப் பிடியுங்கள். தேர்தல் கவலை இல்லாத ஒரு ஆள் மேசையில் இருந்தால் பேச்சே மாறும். கூட்டறிக்கையை மறைக்கவும் முயல வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி யாரும் கேட்கலாம், கேட்டு வாங்குவதற்கு முன் நீங்களே அறிவித்தல் பலகையில் போட்டுவிடுங்கள்.

ஆடி மாதக் கூட்டத்தில் அந்த ஒரு பக்கத்தை மறுபடி எடுத்து, நடந்ததற்குச் சரி போட்டு, நடக்காததற்குப் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ஒன்று தேவையில்லை என்று தெரிந்தால் அடித்துவிடுங்கள், வெட்கமில்லை. பணம் வராத வேலைகளை அப்போதே குறைத்தால் மார்கழியில் மேலதிக ஒதுக்கீடு கேட்கிற குறைநிரப்பு மதிப்பீடு என்று ஓட வேண்டியதில்லை.

நேற்று இரவு தம்பி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். முதல் கூட்டம் முடிந்துவிட்டதாம். படத்தில் வெள்ளை நாடா கட்டிய கோப்பு, பக்கத்தில் தட்டில் பணிஸ். கோப்புக்கு மேலே, மடிக்காமல், ஒரு நீளத் தாள்.